புனேயிலிருந்து கோவைக்கு ஷேரிங் லாரியில் வீடு மாற்றம்: எங்கே மிச்சம், எங்கே கறார்

புனே வாக்கடில் இருந்த இரண்டு பெட்ரூம் வீட்டைக் காலி செய்து கோயம்புத்தூர் வந்து சேர்ந்தாயிற்று. சாலை வழி சுமார் 1,200 கிலோமீட்டர். தனி லாரி எடுக்கவில்லை. இன்னும் சில வீட்டுச் சாமான்களோடு சேர்த்து ஏற்றி வரும் ஷேரிங் லாரியில்தான் எங்கள் வீடு வந்தது. இந்தச் சேவையைப் பற்றித் தேடினால் ஒன்று கம்பெனிக்காரர்களே எழுதிவைத்த புகழுரை கிடைக்கிறது, இல்லாவிட்டால் "ஏமாத்திட்டாங்க" என்று ஒற்றை வரி. எவ்வளவு ஆனது, எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கலாம், எந்த இடத்தில் கூடாது என்று விவரமாக யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. கம்பெனி பெயர் போடவில்லை. இந்தத் தடத்தில் இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர், எல்லோருடைய முறையும் ஏறக்குறைய ஒன்றுதான், நான் மதிப்பெண் போடுவது அந்த முறைக்கு.

ஐந்துக்கு நான்கு தருவேன். பணம் பாதியாகக் குறைந்தது, அது உண்மை. குறைந்த அந்த ஒரு மதிப்பெண் தாமதத்துக்கும், நடுவில் வண்டி மாற்றியதற்கும்.

முதலில் கணக்கு. முழு லாரிக்குக் கேட்டபோது 58 ஆயிரத்திலிருந்து 70 ஆயிரம் வரை சொன்னார்கள், வரி தனி. ஷேரிங்கில் எங்களுக்குக் கடைசியில் ஆனது, பேக்கிங், ஏற்றுகூலி, இறக்குகூலி, 18 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து 32 ஆயிரத்துச் சொச்சம். இந்த வித்தியாசம் கம்பெனிக்காரர் மனமிரங்கிக் குறைத்ததால் வந்ததில்லை. ஷேரிங்கில் ரேட் போடுவது கன அடிக்கு, அதாவது லாரிக்குள் உங்கள் சாமான் எவ்வளவு இடத்தை அடைக்கிறதோ அதற்கு மட்டும்தான் காசு. எங்களுக்குப் போட்டது கன அடிக்கு 70 ரூபாய். 14 அடி லாரி என்றால் 14 அடி நீளம், 6 அடி அகலம், 6 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால்கூட 504 கன அடி. முதலில் வீட்டைப் பார்த்துவிட்டுப் போன ஆள் எங்களுக்கு 480 கன அடி என்று எழுதினார், ஏறக்குறைய ஒரு வண்டி நிறைய. கடைசியில் ஏற்றியது 310. நடுவில் குறைந்த அந்த 170 கன அடிதான் இந்த விமர்சனத்திலேயே முக்கியமான விஷயம், அதனால் அதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். இரண்டு கதவு பீரோ, ஆறரை அடி உயரம், மூன்றடி அகலம், ஒன்றே முக்கால் அடி ஆழம்: 34 கன அடி. எழுபதால் பெருக்கினால் 2,380 ரூபாய், அதற்கு மேல் பேக்கிங், வரி. எங்கள் பீரோ பார்ட்டிகிள் போர்டில் செய்தது. அந்தப் பலகையில் ஸ்க்ரூவை ஒரு தடவை கழற்றிவிட்டால் ஓட்டை லூசாகிவிடும், மறுபடி மாட்டினால் பழைய பிடிப்பு வராது, கதவு ஒரு பக்கம் சாய்ந்துகொண்டே நிற்கும். அதைச் சுமந்துகொண்டு வர இரண்டாயிரத்துச் சொச்சம் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. விற்றுவிட்டோம். மூன்று பேர் உட்காரும் சோஃபா கிட்டத்தட்ட 54 கன அடி, வண்டிச் செலவே 3,750-க்கு மேல், துணி வேறு கிழிய ஆரம்பித்திருந்தது, அதுவும் போயிற்று. மெத்தை, ஆறரைக்கு ஐந்து, அரையடி தடிமன், 16 கன அடி, சுமார் 1,100 ரூபாய். அது நல்ல இலவம்பஞ்சு மெத்தை, ஊரிலிருந்து செய்து கொண்டுபோனது, வைத்துக்கொண்டோம்.

இன்னொரு பக்கம் பாருங்கள். டேபிள் டாப் வெட் கிரைண்டர் இரண்டு கன அடிகூடத் தேறாது. 140 ரூபாய்க்குள் வந்து சேர்ந்துவிடும். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது, அந்த ஊருக்கே போகும்போது இதை ஏன் தூக்கிக்கொண்டு போகணும், அங்கே போய்ப் புதுசு வாங்கிக்கலாமே என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. கனமான சாமான், அடைக்கிற இடம் குறைவு, புதுசு வாங்கினால் பல ஆயிரம். கன அடி ரேட்டில் இப்படிப்பட்ட சாமான்கள்தான் லாபம்: கிரைண்டர், மிக்ஸி, இரும்பு வாணலி, பித்தளைப் பாத்திரம், தையல் மெஷின், புத்தகம்.

புத்தகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தபாலில் அனுப்பு, அதுதான் மலிவு என்று எல்லோரும் சொல்வார்கள். 2025 மே மாதத்திலிருந்து தபால் துறையில் ஞான் போஸ்ட் என்று ஒரு சேவை இருக்கிறது, புத்தகங்களுக்கு மட்டும், 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோ வரை 100 ரூபாய், வரி தனி. ஒரு பை புத்தகம் மட்டும் வைத்திருப்பவருக்கு அருமையான சேவை. ஆனால் ஒன்றரை கன அடி அட்டைப்பெட்டியில் 25 கிலோ புத்தகம் போகும், ஷேரிங் லாரியில் அந்தப் பெட்டிக்கு 105 ரூபாய். தபாலில் அதே 25 கிலோவுக்கு 500. எப்படியும் லாரி போகிறதென்றால் புத்தகமும் அதிலேயே போகட்டும். சின்னப் பெட்டியாகப் பார்த்துப் போடுங்கள், பெரிய பெட்டியில் போட்டால் தூக்கும்போது அடி பிய்ந்துகொள்ளும், தூக்குகிறவர் முதுகும் போய்விடும்.

ஏசி விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வண்டிச் செலவு பெரிதில்லை. கழற்றும் கூலி, புது வீட்டில் மாட்டும் கூலி, புதிய செம்புக் குழாய், பல சமயம் கேஸ் ஃபில்லிங், இதெல்லாம் சேர்ந்தால் ஐந்தாயிரத்தைத் தாண்டிவிடும். ஐந்தாறு வருடம் ஓடிய ஏசி என்றால் இருக்கிற ஊரிலேயே விற்றுவிடுவது மேல். புதிது என்றால் கொண்டுபோகலாம், ஆனால் கழற்ற வரும் ஆள் கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள் இழுத்துப் பூட்டிவிட்டுத்தான் குழாயைக் கழற்றுகிறாரா என்று பக்கத்தில் நின்று பாருங்கள். ஃபிரண்ட் லோடு வாஷிங் மெஷின் இருந்தால், வாங்கியபோது பின்னால் இருந்து கழற்றிக் கொடுத்த டிரான்சிட் போல்ட்டுகளைத் தேடி எடுங்கள். அவை இல்லாமல் ஏற்றினால் 1,200 கிலோமீட்டரும் டிரம் ஆடிக்கொண்டே வரும்.

விற்பதை ஒரு மாதம் முன்னாலேயே ஆரம்பித்துவிட வேண்டும். கடைசி வாரத்தில் விற்கிறவருக்கு விலை கிடைக்காது, வாங்க வருகிறவருக்கும் உங்கள் அவசரம் தெரியும். எங்களுக்கு சோஃபாவும் பீரோவும் சொசைட்டி வாட்ஸாப் குரூப்பிலேயே போய்விட்டன. மிச்ச தட்டுமுட்டு எல்லாம் பங்கார்வாலாவிடம், அதாவது பழைய சாமான் வாங்குகிறவரிடம்.

சரி, இப்போது சேவைக்கு வருகிறேன்.

இணையதளங்களில் போன் நம்பரைப் போட்டு ரேட் கேட்டால் அரை மணிக்குள் போன் மேல் போன் வரும், அதில் பாதிப் பேருக்குச் சொந்தமாக வண்டியே கிடையாது, வேலையை வாங்கி இன்னொருவர் தலையில் கட்டும் ஏஜெண்டுகள். போனிலேயே "மேடம், 18 ஆயிரத்துக்கு முடிச்சுடலாம்" என்று சொன்ன ஒருவர் வீட்டைப் பார்க்க வர மாட்டேன் என்றார், அப்போதே அவரை விட்டுவிட்டோம். வீட்டைப் பார்க்காமல் சொல்கிற குறைந்த ரேட், சாமான் ஏறிய பிறகு ஏறும். சாமான் அவர்கள் கையில், நாம் காலி வீட்டில் நிற்போம், அப்போது பேரம் பேச நமக்கு ஒன்றும் இருக்காது. இந்தத் தொழிலில் மோசடி என்று அடிக்கடி கேள்விப்படுவது இந்த முறையைத்தான்.

நாங்கள் போனது புனே பக்கத்தில் லாரி ஆபீஸ்கள் இருக்கும் நிக்டி டிரான்ஸ்போர்ட் நகருக்கு, நேரில். கோவையிலிருந்து பம்பு, மோட்டார், வார்ப்புச் சாமான் ஏற்றிக்கொண்டு வருகிற வண்டிகள் போசரி, சாக்கன் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்புவதற்கு லோடு தேடி நிற்கும். திரும்புகிற வண்டி காலியாகப் போனால் டீசலும் டோலும் நஷ்டம், அதனால் ரிட்டர்ன் லோடுக்கு ரேட் இறங்கும். ஷேரிங் கம்பெனிகள் பலவும் சாமானை ஏற்றுவது இந்த மாதிரி வண்டிகளில்தான். அங்கேயே ஆபீஸ் வைத்திருக்கிற நாமக்கல், சங்ககிரிப் பக்கத்துக்காரர்களோடு தமிழிலேயே பேசி முடித்துக்கொள்ளலாம், இந்தியும் மராத்தியும் அரைகுறையாகத் தெரிந்த எங்களுக்கு அதுவே பெரிய நிம்மதி.

எங்களிடம் ஒப்புக்கொண்டவர்கள் வீட்டுக்கு வந்து அளந்து, எழுத்தில் ரேட் கொடுத்தார்கள். அந்தத் தாளில் நாங்கள் நோண்டி நோண்டிப் பார்த்த இடங்களைச் சொல்கிறேன்.

ஜிஎஸ்டி எண்ணை அரசு போர்ட்டலில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, நடப்பில் இருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும். முதல் இரண்டு இலக்கம் மாநிலம், 27 மகாராஷ்டிரா, 33 தமிழ்நாடு. பிரபலமான கம்பெனியின் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி போர்டு மாட்டியிருப்பவர்கள் இந்த இடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அப்புறம், ஒருவர் கொடுத்த கொட்டேஷனில் "ஆக்ட்ராய் மற்றும் பார்டர் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தது. ஆக்ட்ராய் என்ற ஊர் எல்லை வரி, நுழைவு வரி எல்லாம் 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோதே போய்விட்டன. சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டியில் எடுக்கிற இ-வே பில்லும் பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்குத் தேவையில்லை. இந்தத் தலைப்பில் யாராவது காசு கேட்டால், சட்டப்படி எந்த வரி என்று எழுதித் தாருங்கள் என்று கேளுங்கள், அந்த வரி காணாமல் போய்விடும்.

அடுத்தது இன்சூரன்ஸ். இதில்தான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். சாமான் மதிப்பில் 3 சதவீதம் என்று எல்லோருமே கேட்டார்கள். சில கொட்டேஷனில் அது எஃப்ஓவி என்று இருக்கும். அது இன்சூரன்ஸ் இல்லை, கம்பெனி தானே "சேதமானால் பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லி வாங்கும் காசு. உண்மையான டிரான்சிட் இன்சூரன்ஸ் என்றால் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில், உங்கள் பெயரைப் போட்டு, பாலிசி சர்டிஃபிகேட் வர வேண்டும். சர்டிஃபிகேட் வருமா என்று கேட்டோம், வராது என்றார்கள், அப்படியானால் அந்தக் காசு வேண்டாம் என்று அடித்துவிட்டோம். அதற்குப் பதிலாகச் செய்தது, சாமான்களின் மதிப்பை புக்கிங் படிவத்திலேயே எழுதி எல்ஆர், அதாவது டிரான்ஸ்போர்ட்டர் தரும் லாரி ரசீது, வாங்கியது. 2007-ஆம் ஆண்டு சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும் இருக்கின்றன, அதன்படி சாமான் தொலைந்தாலோ உடைந்தாலோ டிரான்ஸ்போர்ட்டருக்குப் பொறுப்பு உண்டு, வாடகையின் பத்து மடங்கு வரை, ஆனால் நாம் எழுதிக்கொடுத்த மதிப்புக்கு மேல் போகாது. மதிப்பே எழுதாமல் விட்டால் பேச ஆதாரம் இருக்காது. வழக்குப் போடுவதென்றால் புக் செய்த நாளிலிருந்து 180 நாளைக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். எல்ஆர் இல்லாமல் வெறும் கம்பெனி பில்லை மட்டும் நீட்டுகிறவரிடம் சாமானை ஏற்றாதீர்கள். விலை குறைவு என்பதற்காக இந்தத் தாளை மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது.

பேக்கிங் நாள். நான்கு பேர் வந்தார்கள், வேலை சுத்தம். கண்ணாடிச் சாமானை ஒவ்வொன்றாகப் பேப்பரில் சுற்றி, தட்டுகளைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி அடுக்கினார்கள், ஒன்றுகூட உடையவில்லை. ஃபிரிட்ஜுக்கு முதலில் போர்வைத் துணி, மேலே பபிள் ஷீட், மூலைகளுக்கு மடித்த அட்டை, அதற்கு மேல் ஸ்ட்ரெச் ஃபிலிம். முந்தைய நாளே கரண்டைப் பிடுங்கி உள்ளே துடைத்து உலரவிட்டு, கதவு இடுக்கில் ஒரு துண்டு வைத்து மூடினோம், இல்லாவிட்டால் இறக்கித் திறக்கும்போது பூசண வாடை தாங்காது. கிரைண்டர் கல்லைத் தனியாக எடுத்துச் சாக்கில் சுற்றினார்கள், சட்டியோடு சேர்த்து வைத்தால் ஆட்டத்தில் சட்டி நசுங்கும் என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது.

அந்த நாளில் நான் சண்டை போட்ட ஒரே இடம் சாமான் பட்டியல். சூப்பர்வைசர் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார், ஃபிரிட்ஜ், பக்கத்தில் எஸ். கட்டில், எஸ், டி. டிவி, எஸ். என்ன இது என்று கேட்டால் எஸ் என்றால் கீறல், டி என்றால் நசுங்கல், ஃபார்மாலிட்டிதான் மேடம் என்றார். எங்கள் ஃபிரிட்ஜில் ஒரு கீறல் கிடையாது. அந்தத் தாளில் நாம் கையெழுத்துப் போட்டுவிட்டால் வழியில் என்ன ஆனாலும் "ஏற்றும்போதே இருந்தது" என்று முடிந்துவிடும். ஒவ்வொரு சாமானாகக் கூட நின்று, இல்லாத எஸ்ஸை அடிக்கச் சொல்லி, அடித்த இடத்தில் அவரிடம் கையெழுத்து வாங்கி, பபிள் ஷீட் சுற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்தோம். கட்டில் கால் ஒன்றில் ஏற்கெனவே கீறல் இருந்தது, அதை இருந்தபடியே எழுதவிட்டோம். முழுசாக ஒரு மணி நேரம் போயிற்று, அவர் முகம் சுளித்தார், பரவாயில்லை.

சொசைட்டியில் லிஃப்ட் பயன்படுத்த ஷிஃப்டிங் சார்ஜ் என்று தனியாகக் கட்டினோம், கேட் பாஸுக்கு வீட்டு ஓனரின் கடிதமும் கேட்டார்கள். இதெல்லாம் ரேட்டில் வராத செலவு, முன்னாலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேஸ் சிலிண்டரை எந்த லாரியும் ஏற்றாது, ஏற்றவும் கூடாது. சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து, டெபாசிட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அவர்கள் தரும் வவுச்சரோடு புது ஊரில் கனெக்‌ஷன் எடுக்க வேண்டும்.

ஸ்கூட்டரை இதே லாரியில் ஏற்றினால் 5,500 என்றார்கள். ரயிலில் அனுப்பினோம், பேக்கிங் கூலியோடு சேர்த்து அதில் பாதிக்கும் சற்று அதிகம்தான் ஆனது. குர்லா எக்ஸ்பிரஸ் என்று நம் ஆட்கள் சொல்லும் லோக்மான்ய திலக் டெர்மினஸ்–கோவை வண்டி தினமும் புனே வழியாகத்தான் போகிறது. பார்சல் ஆபீஸுக்கு ஆர்சி, இன்சூரன்ஸ் நகல், அடையாள அட்டை கொண்டுபோக வேண்டும், பெட்ரோலைச் சொட்டுகூட விடாமல் வடித்துவிட வேண்டும், வாசலிலேயே வைக்கோலும் சாக்கும் வைத்துக் கட்டிக்கொடுக்க ஆட்கள் இருக்கிறார்கள். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். பார்சலாகப் போட்டால் மலிவு, எந்த வண்டியில் ஏறும் என்பது இடம் இருப்பதைப் பொறுத்தது. நாம் போகிற வண்டியிலேயே லக்கேஜாக வர வேண்டும் என்றால் கட்டணம் கூடும். வந்து சேர்ந்த பிறகு எடுக்காமல் விட்டால் வார்ஃபேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். ஸ்கூட்டர், பைக் மட்டும் வைத்திருக்கிற பேச்சிலர்களுக்கு ரயில் பார்சலைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். மூன்றாம் வகுப்பு ஏசி டிக்கெட்டில் ஆளுக்கு 40 கிலோ இலவசமாகக் கொண்டுபோகலாம் என்பதால், இரண்டு பேர் போனால் துணிமணியும் சமையல் பாத்திரமும் கையோடு வந்துவிடும். லாரி வரும்வரை நாங்கள் சமாளித்தது அதை வைத்துத்தான்.

இப்போது குறைகள்.

ஏழிலிருந்து பத்து நாள் என்றார்கள். தனி லாரி என்றால் மூன்று நான்கு நாளில் வந்திருக்கும். ஷேரிங்கில் வண்டி நிறையும்வரை கிளப்ப மாட்டார்கள், எங்கள் சாமான் புனே கோடவுனிலேயே சில நாள் கிடந்தது, அப்புறம் ஹூப்ளியில் இன்னொரு வீட்டை ஏற்றினார்கள், சொன்ன தேதி தாண்டிப் போய்விட்டது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் "நாளைக்கு மேடம்". மழைக்காலம் வேறு. புனே–பெங்களூரு நெடுஞ்சாலை கோலாப்பூர் பக்கம் 2019-லும் 2021-லும் வெள்ளத்தில் மூழ்கிப் போக்குவரத்தே நின்றது என்று தெரிந்ததால், மழை பலமாகப் பெய்கிறது என்று செய்தி வந்த நாளெல்லாம் வயிற்றைக் கலக்கியது. ஜூலை, ஆகஸ்டில் இந்தத் தடத்தில் வருகிறவர்கள் தார்ப்பாய் போட்ட திறந்த லாரியை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், ஒத்துக்கொள்ளாதீர்கள். மூடிய கன்டெய்னர் பாடி என்று கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள்.

இரண்டாவது, வண்டி மாற்றம். பெங்களூருவில் இறக்கி வேறு வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள், முன்கூட்டிச் சொல்லவில்லை. ஷேரிங்கில் சாமான் அடிபடுவது ஓடும்போதைவிட இந்த ஏற்றி இறக்கும்போதுதான். டைனிங் டேபிளின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. போட்டோ, எஸ் இல்லாத பட்டியல், இரண்டையும் காட்டியதும் பேசாமல் பாக்கிப் பணத்தில் 1,500 கழித்துக்கொண்டார்கள். பாக்கி என்று ஒன்று நம் கையில் இருந்ததால்தான் இது நடந்தது: புக்கிங்குக்குப் பத்து சதவீதம், ஏற்றும்போது பாதி, மிச்சம் இறக்கி முடித்த பிறகு என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொண்டோம். அதுவும் கம்பெனி கணக்குக்கு மட்டும், ஆள் பேரில் யுபிஐ கிடையாது. பணம் முழுசும் முன்னாலேயே கொடுத்திருந்தால் அந்த 1,500-க்காக எத்தனை போன் போட்டிருப்போமோ. பேசி முடியாத அளவுக்குப் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, புனே வரைக்கும் அலைய வேண்டியதில்லை.

எந்த மாதத்தில் மாறுவது என்பதிலும் காசு இருக்கிறது. மே மாதப் பள்ளி விடுமுறையிலும் மாதக் கடைசியிலும் லாரி ரேட் ஏறிவிடும், மாத நடுவில் வார நாளாகப் பார்த்து வைத்துக்கொண்டால் பேரத்துக்கு இடம் உண்டு. கோவைப் பக்கம் ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், அதனால் ஆடியில் காலியாகக் கிடக்கிற வீட்டுக்கு ஓனர்கள் இறங்கி வருவார்கள். நாங்கள் ஆனி கடைசியில் ஒரு நல்ல நாள் பார்த்து, மாமியாரை விட்டு ஒரு குத்துவிளக்கும் பால் சட்டியும் வைத்துப் பால் காய்ச்சிவிட்டோம். அதன் பிறகு சாமான் ஆடியில் வந்தால் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. வாடகையில் மாதம் 1,500 குறைந்தது. வருடத்துக்குப் பதினெட்டாயிரம், லாரிச் செலவில் பாதிக்கு மேல் அதிலேயே வந்துவிடும். கம்பெனி பேரத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை யோசிப்பதே இல்லை.

இறக்கும் நாளில் இன்னொரு விஷயம். எங்கள் புது வீடு கணபதியில் ஒரு சந்துக்குள், பெரிய வண்டி திரும்பாது. டிரைவர் சங்ககிரிக்காரர், முந்தின நாள் ராத்திரி போன் பண்ணி, "ஏனுங்க அக்கா, சந்து எத்தன அடி இருக்கும்? மேல ஒயரு தாழ்வா போகுதுங்களா?" என்று கேட்டுவிட்டு, மெயின் ரோட்டிலேயே நிறுத்திக் குட்டியானையில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். டோர் டு டோர் என்று போட்டிருந்தாலும், வீட்டு வாசல்வரை வண்டி வராவிட்டால் மாற்று வண்டிச் செலவு யாருடையது என்று பலருடைய கொட்டேஷனிலும் இருக்காது. எங்களுடையதில் கேட்டு எழுதி வாங்கியிருந்ததால் குட்டியானை வாடகை கம்பெனியே கொடுத்தது. மாடி எத்தனை, லிஃப்ட் உண்டா, சந்து எவ்வளவு அகலம், இரண்டு ஊருக்குமே இதைச் சொல்லி எழுத வைத்துவிடுங்கள். இறக்கிய ஆட்கள் காபி காசு கேட்டார்கள், ஆளுக்கு நூறு கொடுத்தோம், மனசாரத்தான், நல்ல வெயிலில் இரண்டு மாடி ஏறி இறங்கியிருக்கிறார்கள். கேட்பது வழக்கம், கட்டாயம் இல்லை.

யாருக்கு இந்தச் சேவை சரிவராது என்றால், போன மறுநாளே குழந்தைக்குப் பள்ளி திறக்கிறது, கட்டில் ஃபிரிட்ஜ் இல்லாமல் இரண்டு வாரம் தள்ள முடியாது, வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள் என்பவர்களுக்கு. அவர்கள் தனி லாரியே எடுக்கட்டும், ஆனால் ரிட்டர்ன் லோடு வண்டியாகப் பார்த்து எடுக்கட்டும், அதிலேயே ஐந்து பத்தாயிரம் குறையும். 400 கன அடிக்கு மேல் போகிற வீட்டுக்கும் ஷேரிங்கில் பெரிய லாபம் நிற்காது, 14 அடி வண்டியைத் தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். சாமான் குறைவாக இருந்து, காத்திருக்கவும் முடிகிறவர்கள் தாராளமாகப் போகலாம். புக் செய்யும்போதே டிரைவர் நம்பரும் வண்டி நம்பரும், வண்டி மாறினால் மாறிய வண்டியின் நம்பரும் அன்றே அனுப்ப வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். ஆபீஸ்காரர் "நாளைக்கு" என்றுதான் சொல்வார், வண்டி எங்கே நிற்கிறது என்று டிரைவர்தான் சொல்வார்.